பதினோரு நாள் சுமை

பேச்சிச்செல்விக்குக் கழுத்து திரும்பவில்லை. பக்கத்தில் யாராவது கூப்பிட்டால் மாடு திரும்புகிற மாதிரி உடம்போடு சேர்ந்துதான் திரும்ப வேண்டியிருந்தது. உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு மயிர்க்கால் எல்லாம் எரிந்தது. சுமையை இறக்கி நாலு மணி நேரம் ஆகிவிட்டது. தோளை விட்டு மட்டும் அது இறங்கவே இல்லை. நாற்பத்தைந்து வயதில் முதல் தடவையாக உப்புச் சுமந்திருக்கிறாள். நேற்று ஒரு நாள், இன்று ஒரு நாள்.

மகள் பானுப்ரியா தைலத்தைக் கையில் ஊற்றிப் பிடரியில் வைத்து அழுத்தினாள். துறைமுகத்துச் சரக்குக்குக் கிளியரன்ஸ் பார்க்கிற ஆபீஸில் கம்ப்யூட்டர் தட்டுகிற பிள்ளை. விரலில் பலம் கிடையாது. ஆனாலும் விடாமல் தேய்த்தாள்.

"ஆச்சி முப்பத்தெட்டு வருசம் தூக்குனா. ஒனக்கு ரெண்டு நாள்லயே கழுத்து போச்சேம்மா."

"ஒங்க ஆச்சிக்குக் கழுத்து இருந்ததை நீ கண்டியாக்கும்? சும்மாடு, அதுக்குக் கீழ வாயி. அம்புட்டுத்தான் அவ."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்தாலும் கழுத்து இழுத்தது.

அந்த ஆச்சி, பேச்சியின் அம்மா சுடலைமாடத்தி, செத்து அன்றைக்குப் பதினைந்தாவது நாள். மறுநாள் பதினாறு. துக்க வீட்டுக்காரி பதினாறு கழியுமுன்னே வாசலைத் தாண்டி வேலைக்குப் போனதும், அதுவும் பொட்டலம் கட்டுகிற தன்னுடைய கம்பெனிக்குப் போகாமல் அளத்துக்குப் போய் உப்புத் தட்டைத் தலையில் ஏற்றியதும் தெரு முழுக்கப் பேச்சாகிவிட்டது. அளத்துக் கணக்கப்பிள்ளைகூட முதல் நாள் வரப்பிலேயே மறித்து, தீட்டோடு உப்பைத் தொடலாமா என்று கேட்டார். பேச்சிக்கு முன்னால், அம்மாவோடு ஜோடியாகச் சுமந்த ஈவாஞ்சலின்தான் பதில் சொன்னாள். தான் வேதக்காரி என்றும், தன் பாத்தியில் தீட்டு ஏறாது என்றும், வேண்டுமானால் சாமியாரைக் கேட்டு எழுதி வாங்கி வருகிறேன் என்றும் சொன்னாள். கணக்கப்பிள்ளை அதற்குமேல் நிற்கவில்லை.

போனதற்குக் காரணம் இருந்தது. அளத்தில் பெண்கள் ஜோடி ஜோடியாகத்தான் வேலை பார்ப்பார்கள். ஆண்கள் பலகையால் இழுத்துப் பாத்தி ஓரத்தில் குவித்த உப்பை, தட்டில் அள்ளி, ஒருத்தி தலைக்கு ஒருத்தி தூக்கிவிட்டு, வரப்பு வழியே நடந்து மேட்டில் அம்பாரமாகக் கொட்ட வேண்டும். ஒரு ஜோடிக்கு இத்தனை பாத்தி என்று பேச்சு. ஒருத்தி வராவிட்டால் மற்றவள் இரண்டு பேர் சுமையையும் தூக்க வேண்டும். தூக்காவிட்டால் அந்தப் பாத்தி வேறு ஜோடிக்குப் போய்விடும். தூக்கிவிட்டால் வராதவள் கூலி வராதவள் வீட்டுக்கே போய்ச் சேரும். தூக்கியவள் அதில் கை வைக்க மாட்டாள். ஆனால் வராமல் இருந்தவள் திரும்பி வந்ததும், எத்தனை நாளோ அத்தனை நாள், மற்றவளை உட்காரவைத்துவிட்டு அவள் சுமையைத் தூக்க வேண்டும். மாற்றுச் சுமை என்று அதற்குப் பெயர். எழுதிவைக்கிற வழக்கம் கிடையாது. யாரும் மறந்ததாகவும் கேள்வி கிடையாது.

சுடலைமாடத்தி சிறுநீரகம் கெட்டுப் பெரியாஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தாள். அவளுடைய ஜோடி ஈவாஞ்சலின், ஐம்பத்தாறு வயதுக்காரி, பதினோரு நாளும் இரண்டு பேர் சுமையைத் தூக்கிவிட்டு, சாயங்காலம் பஸ் ஏறி வந்து அவள் கூலியைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள். ஒன்பதாவது நாள் சுடலைமாடத்தி மகளைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"ஈவாஞ்சலினுக்கு எத்தன நாளாச்சுளா?"

"ஒம்பது."

"எண்ணிக்கிட்டே இரி. நான் வந்து தூக்கிக்கிடுதேன். நீ தூக்காத. ஒன்னைய நிழல்ல வச்சிருக்கேன், நிழல்லயே இரி."

பன்னிரண்டாவது நாள் விடியும்போது அவள் இல்லை.

அம்மா சொன்னதைப் பேச்சி அதுவரைக்கும் மீறினதில்லை. மீறி ஜெயிக்கக்கூடிய ஆளுமில்லை அம்மா. இப்போது மீறினாள். நான் வந்து தூக்குகிறேன் என்று சொன்னவள் வரவில்லை. பிறகு யார் தூக்குவது?

அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரத்தில் ஏரலிலிருந்து தாய்மாமன் வன்னியபெருமாள் வந்து இறங்கினார். ஏரல் கடைத்தெருவில் பலசரக்குக் கடை. அம்மாவுக்கு இரண்டு வயது இளையவர். தோளில் தொங்கிய பையில் பதினாறாம் நாள் கட்டுகிற உருமா இருந்தது. சிவப்புக் கரை போட்ட வெள்ளைத் துண்டு. செத்தவருக்குப் பிறகு அந்த வீட்டுக்கு யார் பொறுப்பு என்று ஊருக்குக் காட்ட, தாய்மாமன் கையால் மகன் தலையில் கட்டுவது. மகன் இல்லாத வீட்டில் கொள்ளி வைத்தவனுக்குக் கட்டுவார்கள். கொள்ளி வைத்தவன் இசக்கிராஜா, பேச்சியின் சித்தப்பா மகன். செல்போன் கடை வைத்திருக்கிறான். கெட்ட பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பை வாங்கியது, வண்டி பிடித்தது, கேஸ் சுடுகாட்டுக்குச் சீட்டு எழுதியது எல்லாம் அவன்தான். கொள்ளிச்சட்டியை அவன் கையில் கொடுத்தபோது பேச்சி தெருமுனையில் மற்றப் பெண்களோடு நின்றாள். நான் வாரேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பதினைந்து நாளாக அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருப்பதாகத்தான் அவளுக்கு இருந்தது.

சாம்பலைக் கொண்டுவந்து கொடுத்தபோது இசக்கிராஜா மெதுவாகச் சொன்னான்: "எல்லாம் வெந்துட்டுக்கா. காலும் வெந்துட்டு." அளத்தில் நடந்த கால் தீயில் வேகாது என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாம் சொல்லிச் சொல்லி அவனும் அதை நம்பியிருந்தான். அப்படி ஒருமுறை வந்த காலேஜ் பிள்ளைகள் அம்மாவின் பாதத்தைப் படம் பிடிக்கக் குனிந்தபோது அவள் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். "காலு எதுக்குய்யா? மூஞ்சியப் பிடி. மூஞ்சி நல்லாத்தான இருக்கு" என்றாள். அந்தப் படம்தான் இப்போது மாலை போட்டுச் சுவரில் தொங்குகிறது. யாரோடோ வழக்குப் பேசப் போகிற முகம்.

மாமா காப்பி குடித்து முடிக்கும்வரை பேச்சி காத்திருந்தாள். பிறகு, நாளைக்கு அந்த உருமாவைத் தன் தலையில் கட்ட வேண்டும் என்று சொன்னாள்.

வன்னியபெருமாள் டம்ளரைக் கீழே வைத்தார். துக்கத்தில் புத்தி தடுமாறுகிறது என்றார். வீடு உன் பேருக்குத்தான் வரும், பட்டாவை யாரும் பிடுங்கப் போவதில்லை, சட்டம் இருக்கிறது, உருமா வெறும் சடங்கு, ஒரு துண்டுத் துணி என்றார். வெறும் துணிதான் என்றால் என் தலையில் கட்டுவதில் என்ன கஷ்டம் என்று அவள் கேட்டாள். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு இசக்கிராஜா வீட்டுக்குப் படுக்கப் போய்விட்டார்.

அது வெறும் துணி இல்லை என்று பேச்சிக்கு ஏழு வயதிலேயே தெரியும். அப்பா துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவர். பின்னால் வந்த லாரி சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டது. பதினாறாம் நாள் உருமா சித்தப்பா தலையில் ஏறியது. அந்த வருஷக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி எழுதும்போது அம்மாவுக்கும் பேச்சிக்கும் தனிப் பேர் கிடையாது. சித்தப்பா வீட்டுக் கணக்கில் இரண்டு உருப்படி. கொடைச் சோறு சித்தப்பா வீட்டுக்குப் போய், அங்கிருந்து ஒரு தூக்குச்சட்டியில் வந்தது. அம்மா அதை வாங்கவில்லை. இருபத்தொன்பது வயதில் அளத்துக்குப் போக ஆரம்பித்தாள். மூன்று வருஷத்தில், உப்பளத்துச் சாலைக்குப் பக்கத்தில், மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்கிற ஒன்றரை செண்டு நிலத்தை வாங்கி ஓலை போட்டாள். அடுத்த கொடைக்கு வரி எழுதுகிற இடத்துக்குப் போய் நின்று தன்னைத் தனித் தலைக்கட்டாக எழுதச் சொன்னாள்.

தாலியறுத்தவளுக்கு அரை வரிதான், அதுதான் வழக்கம், உனக்கு அது சலுகை என்றார்கள்.

"எனக்குப் பசிச்சா அரை வயிறா பசிக்கி? அளத்துல அரைத் தட்டா தூக்குதேன்? முழுசா எழுதும்" என்று பணத்தை வைத்துவிட்டு வந்தாள். திருப்பி அனுப்பினார்கள். மறுபடி கொண்டுபோய் வைத்தாள். இப்படி நாலு கொடை நடந்தது. ஐந்தாவது கொடைக்கு எழுதுகிறவர் சலித்துப்போய்ச் சுடலைமாடத்தி என்று எழுதினார். அதிலிருந்து அந்தத் தெருவில் ஆம்பிளை பேர் இல்லாமல் முழு வரி போகிற வீடு அது ஒன்றுதான். நாளைக்கு இசக்கிராஜா தலையில் துணி ஏறினால் அந்தப் பேர் அழிந்து, இந்த வீடு மறுபடி இன்னொரு கணக்கில் இரண்டு உருப்படியாகும். முப்பது வருஷத்துக்கு மேலாக அம்மா பிடித்துவைத்த இடம் ஒரே நாளில் போகும். பேச்சிக்குப் பட்டாவைப் பற்றிக் கவலை இல்லை. இதுதான் கவலை.

புருஷன் பாண்டியராஜன் லாரி ஓட்டுகிறவன், வீட்டோடு மாப்பிள்ளை; அவன் வரி அவன் ஊர்க் கோயிலுக்குப் போகிறது. மறுநாள் சமையலுக்குப் பூசணிக்காயை வெட்டிக்கொண்டிருந்தவன், மாமனே மாட்டேன் என்ற பிறகு கேட்டு வாங்குகிற சங்கதியா இது என்றான். பிறகு, எதுக்கும் இருக்கட்டும், நான் இங்கனதான் நிக்கேன் என்றும் சொன்னான்.

அம்மா எதையும் கேட்டு வாங்கினதில்லை என்று பேச்சி நினைத்துக்கொண்டாள். கேட்பாள். கொடுக்கிற வரைக்கும் அங்கேயே நிற்பாள். அவ்வளவுதான் அவளுடைய வித்தை.

அளத்தில் கக்கூஸ் வந்த கதை ஊருக்கே தெரியும். விடியுமுன் போகிற பெண்கள் நண்பகல்வரை ஒதுங்க இடமில்லாமல், அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் வெயிலில் நடப்பார்கள். சுற்றிலும் வெட்டவெளி, ஒரு செடி கிடையாது. அம்மா நாலு கம்பு நட்டுச் சாக்கு கட்டி ஒரு மறைப்பு வைத்தாள். அழகு கெடுகிறது என்று பிடுங்கிப் போட்டார்கள். மறுநாள் ஒன்பது மணிக்கு, பத்தொன்பது பெண்கள் தலையில் உப்புத் தட்டோடு அம்பாரத்துக்குப் போகாமல் வரிசையாக ஆபீஸ் வாசலுக்கு வந்தார்கள். தட்டை இறக்கிவைத்தார்கள். உள்ளே முதலாளி கேரளத்திலிருந்து வந்த பார்ட்டியோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆபீஸ் கக்கூஸ் சாவியைக் கொடுங்கள் என்றாள் அம்மா. அது ஸ்டாஃபுக்கு மட்டும் என்றார் கணக்கப்பிள்ளை.

"சரி அண்ணாச்சி. அப்ப ஸ்டாஃபு வந்து தட்டத் தூக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

வெளியில் இரண்டு லாரி நின்றது. பதினோரு மணிக்குச் சாவி வந்தது. ஒருத்தி போய் வர மற்றவள் என்று பத்தொன்பது பேரும் போய் முடிக்க ஒரு மணியாயிற்று. கேரளத்துப் பார்ட்டி கடைசிவரை மூத்திரத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பது அம்மா பின்னால் சேர்த்துக்கொண்டதாக இருக்கலாம். ஒரு மாதத்தில் தகரம் போட்டுத் தனியாக ஒன்று கட்டிக் கொடுத்தார்கள். திறப்புவிழாவுக்குத் தானே தலைமை தாங்கியதாகச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் அது வரும்போது அவளுக்கு ஐம்பத்தைந்து. இருபத்தாறு வருஷம் தண்ணீர் குடிக்காத சிறுநீரகம், தகரக் கொட்டகையைப் பார்த்துத் திருந்தவில்லை.

மாமா அவளோடு பேசாமல் போன கதையும் இதே மாதிரிதான். அவர் மகள் கல்யாணம், ஒன்பது வருஷத்துக்கு முன்னால், நாசரேத்தில் ஒரு மண்டபத்தில். மாப்பிள்ளை வீட்டார் பெரிய இடம். மாமா நேரில் வந்து பத்திரிகை வைத்துவிட்டு, யாராவது கேட்டால் உப்பு வியாபாரம் என்று சொல்லுக்கா, சுமக்குதேன்னு சொல்லாத என்று மெல்லக் கேட்டுக்கொண்டார். அம்மா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கல்யாணத்தன்று பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டாள். அத்தை முறைச் சீரை அளத்துத் தட்டில் அடுக்கினாள்: சேலை, வளையல், பழம், தேங்காய், நடுவில் ஒரு படி கல்லுப்பு. பட்டுச் சேலைக்கு மேலே பழைய துணியில் சும்மாடு சுற்றி வைத்து, தட்டைத் தலையில் ஏற்றி, கையை வீசிக்கொண்டு நாதஸ்வரத்துக்கு நடுவே மண்டபத்துக்குள் நடந்தாள். தட்டு அசையவில்லை. சம்பந்தி அம்மாள் யார் இவர்கள் என்று கேட்டதற்கு, "பொண்ணுக்கு அத்த. தூத்துக்குடி அளத்துல சுமக்குதேன். நீங்க சாப்பிடுத உப்பு நாங்க தூக்குனதுதான்" என்றாள். பானுப்ரியாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. கூட நடந்து வந்த அவள் வெட்கத்தில் பாதி வழியில் நழுவிவிட்டாள். அந்தக் கதையை யாராவது எடுத்தால் இன்றைக்கும் அவளுக்குக் கண் கலங்கும். அன்றைக்கு நழுவினதற்காக.

அதற்குப் பிறகு மாமா அம்மாவின் பிணத்துக்குத்தான் வந்தார், பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு.

பதினாறாம் நாள் பத்து மணிக்குத் தெருவை அடைத்துப் போட்ட சாமியானாவுக்குக் கீழே சடங்கு தொடங்கியது. ஆம்பிளைகள் நாற்காலியில், பெண்கள் வாசலோரம் தரையில். அளத்துப் பெண்கள் பதினாலு பேர் வேலையைச் சீக்கிரமே முடித்து, குளித்து, ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். பண்டாரம் மணையைப் போட்டார். இசக்கிராஜா புது வேட்டியில் வந்து மணைக்குப் பக்கத்தில் நின்றான். வன்னியபெருமாள் தாம்பாளத்தில் உருமாவையும் தேங்காயையும் வைத்துத் தூக்கினார். மணையில் உட்காரச் சொல்லிப் பண்டாரம் கைகாட்டினார்.

பேச்சி எழுந்தாள். கழுத்து திரும்பாததால் யாரையும் ஓரக்கண்ணால் பார்க்க முடியவில்லை. நேராகப் பார்த்துத்தான் பேச முடிந்தது.

"ராசா, ஒக்காருததுக்கு முன்னால ஒண்ணு கேளு. இந்த உருமாவக் கெட்டுதவன் இந்த வீட்டு வரவுக்கும் பொறுப்பு, கடனுக்கும் பொறுப்பு. அதான மாமா வழக்கம்?"

அதுதான் வழக்கம் என்று மாமாவுக்கு முன்னால் நாற்காலியிலிருந்த இரண்டு மூன்று பேர் சொன்னார்கள்.

"எங்கம்மா காசுக் கடன் ஒண்ணும் வைக்கல. ஈவாஞ்சலின் அக்காளுக்குப் பதினோரு நாள் மாத்துச் சுமை வச்சிருக்கா. ரெண்டு நாள் நான் தூக்கிட்டேன். மிச்சம் ஒம்பது. நாளைக்கு விடியக்காலம் நாலு மணிக்கு நீ அளத்துக்கு வரணும்."

யாரோ சிரித்தார்கள். இசக்கிராஜா சிரிக்கவில்லை. நல்ல பிள்ளைதான். ஈவாஞ்சலினைப் பார்த்து, எத்தனை ரூபாய் என்று சொல்லுங்கக்கா, இப்பவே தந்துவிடுகிறேன், இரண்டு பங்காகவே தருகிறேன் என்றான்.

ஈவாஞ்சலின் தரையில் உட்கார்ந்தபடியே அவனை நிமிர்ந்து பார்த்தாள். சத்தம் போடவில்லை.

"மாடத்தி அக்காளுக்கு நான் காசுக்காய்யா தூக்குனேன்? என் மக பேறுகாலத்துக்கு இருபது நாள் அவ எனக்குத் தூக்குனா. காசு குடுத்தியன்னா அந்த இருபது நாளும் கூலி வேலையாப் போயிரும். சுமைக்குச் சுமைதான். ஒங்களால முடியலைன்னா விடுங்க, நான் கேட்டு வரல."

இசக்கிராஜா தன் இடுப்பில் கை வைத்துக்கொண்டான். போன வருஷம் அவனுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் நடந்தது எல்லோருக்கும் தெரியும். "என்னால ஆகாதுக்கா" என்றான். மணையை விட்டு ஓரடி தள்ளி நின்றான். அவன் முகத்தில் கோபம் இல்லை. தட்டை இறக்கிவைத்த பெண்களின் முகத்தில் வருகிற மாதிரி ஏதோ ஒன்று தளர்ந்தது.

பேச்சி போய் மணையில் உட்கார்ந்தாள்.

வன்னியபெருமாள் தாம்பாளத்தோடு நின்றார். தாம்பாளம் சாய்ந்ததில் தேங்காய் உருண்டு விளிம்பில் முட்டியது. "எந்திளா" என்றார். அவள் எழவில்லை. "பொட்டப்பிள்ள தலையில உருமா கெட்டுன தாய்மாமன்னு ஏரல்ல என் பேரு நாறிப்போகும்ளா" என்றார். அதட்டலாக ஆரம்பித்தது, முடியும்போது கெஞ்சலாக இருந்தது.

"எங்கம்மா சும்மாட்டோட மண்டபத்துக்குள்ள வந்தப்பவே ஒங்க பேரு நாறிட்டுன்னுதான மாமா ஒம்பது வருசம் பேசல. இன்னும் அதுல என்ன மிச்சம் இருக்கு?"

அவர் சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்தார். அவர் அழுவார் என்று பானுப்ரியா நினைத்தாள், அழவில்லை. மனம் மாறிவிடவும் இல்லை. குனிந்து தாம்பாளத்தை மணைக்கு முன்னால், பேச்சியின் காலடியில் வைத்தார்.

"நான் கெட்ட மாட்டேன். எங்க அக்கா வீட்டுக்குக் கொண்டாந்தத திருப்பி எடுத்துட்டுப் போகவும் மாட்டேன். வச்சிட்டேன். இனி ஒங்க பாடு."

சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

தாய்மாமன் கட்டாத உருமாவை யார் கட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்படி ஒரு வழக்கமே கிடையாது. பண்டாரம் மணியைக் கையில் பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் பார்த்தார். பேச்சி துணியை எடுத்துத் தானே தலையில் சுற்றினாள். புதுத் துணி, கஞ்சி மொடமொடப்பு. எண்ணெய் வைத்த தலையில் நிற்காமல் வழுக்கிக் காதுக்கு வந்தது. இரண்டாவது தடவையும் வழுக்கியது. சின்னப் பயல்கள் சிரித்தார்கள். அப்போது ஈவாஞ்சலின் எழுந்து வந்தாள். வேறு சாமியைக் கும்பிடுகிறவள் இந்தச் சடங்குக்குள் கை வைக்கலாமா என்று யோசித்த மாதிரியே தெரியவில்லை. துணியை உதறி, இரண்டாக மடித்து, நெற்றியில் இறுக்கிப் பின்னால் முடிந்து, முனையைச் செருகினாள். ஆம்பிளைகள் கட்டுகிற உருமா மாதிரி அது இல்லை. வெயிலுக்கும் உப்புக்கும் அளத்துப் பெண்கள் கட்டுகிற தலைக்கட்டு. அவளுக்குத் தெரிந்தது அந்த ஒரு கட்டுதான்.

பண்டாரம், யார் பேரைச் சொல்ல என்று கேட்டார்.

"சுடலைமாடத்தி மக பேச்சிச்செல்வின்னு சொல்லுங்க" என்றாள் பானுப்ரியா, ஆச்சியின் தொண்டையில். இந்தத் தடவை அவள் நழுவவில்லை. அம்மாவுக்குப் பக்கத்திலேயே நின்றாள். மணி அடித்தது.

நாற்காலியிலிருந்து பாதிப் பேர் எழுந்து போனார்கள். சாப்பிடாமல் போனார்கள். போட்ட இலைகளில் நாற்பது காலியாகக் கிடந்தது. பாண்டியராஜன் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து அளத்துப் பெண்களை ஆம்பிளைப் பந்தியில் உட்காரச் சொன்னான். அவர்கள் உட்கார்ந்தார்கள். காலையிலிருந்து வெறும் வயிறு. இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கினார்கள். வன்னியபெருமாளும் சாப்பிட்டார். கடைசிப் பந்தியில், ஓரத்தில், யாரையும் பார்க்காமல். போகும்போது பேச்சியிடம் சொல்லிக்கொள்ளவில்லை. பானுப்ரியாவிடம், ஒங்க ஆச்சி மாதிரியே இருக்கா ஒங்க அம்மா என்றார். அது வசவா இல்லையா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

வரி எழுதுகிற அண்ணாச்சி மட்டும் வாசலில் தயங்கி நின்றார். பேரை மாற்றி எழுதக் கமிட்டியில் பேச வேண்டும் என்றார். வேண்டுமானால் இப்போதைக்கு அரை என்று போட்டுக்கொள்வோம் என்றார்.

"முழுசா எழுதும் அண்ணாச்சி" என்றாள் பேச்சி. "இல்லைன்னா கொடைக்குக் கொடை வந்து நிப்பேன். எங்கம்மா நாலு கொடை நின்னா. எனக்குக் கம்பெனில ஞாயித்துக்கெழம லீவுதான்."

அவர் பேசுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். பேசவில்லை, இதை எழுதுகிற வரைக்கும்.

மறுநாள் நாலு மணிக்கு ஆச்சியின் மொபெட்டில் பானுப்ரியா அம்மாவை அளத்தில் கொண்டுவந்து இறக்கினாள். ஐம்பத்திரண்டு வயதில் இரண்டு தடவை பாத்திக்குள் விழுந்து எழுந்து சுடலைமாடத்தி ஓட்டக் கற்ற வண்டி அது. கிழக்கே துறைமுகத்துக் கிரேன்களின் சிவப்பு விளக்குகள் இன்னும் அணையவில்லை. பேச்சி பைக்குள்ளிருந்து உருமாவை எடுத்தாள். பெட்டியில் மடித்துவைத்துக் கும்பிட வேண்டிய துணி. முறுக்கினாள். சுருட்டினாள். உச்சந்தலையில் எரிகிற இடத்தில் சும்மாடாக வைத்து அழுத்தினாள்.

ஈவாஞ்சலின் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். தட்டைத் தலைக்குத் தூக்கிவிட மட்டும் எழுந்து வந்தாள். ஒவ்வொரு தடவையும், போதும்ளா, மாடத்தி அக்கா மேலிருந்து என்னைத்தான் ஏசுவா என்றாள். ஒவ்வொரு தடவையும் பேச்சி தட்டோடு மேட்டைப் பார்த்து நடந்தாள். வெயில் ஏறியதும் இரண்டு செம்புத் தண்ணீர் குடித்தாள். தகரக் கொட்டகைக்குப் போய் வந்தாள். மறுபடி தூக்கினாள். மதியம் இரண்டு மணிக்குக் கம்பெனியில் ஷிப்டு இருந்தது; நண்பகலிலேயே கடைசித் தட்டை அம்பாரத்தில் கொட்டி, கொட்டின கையோடு உருமாவை உதறினாள். சிவப்புக் கரை உப்பில் வெளுக்க ஆரம்பித்திருந்தது.

பதினொன்றில் மூன்று கழிந்தது. சுடலைமாடத்தி வீடு ஈவாஞ்சலினுக்குத் தர வேண்டியது இன்னும் எட்டு நாள் சுமை.